ஹேவ் யூ எவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை வில்லாபுரம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கே பேர். வெள்ளைத்துரை, அவர் மனைவி சின்னத்தாய், மகன் அழகுபாண்டி, இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்த தமிழ்வாணி. தாங்களும் கூட இருந்ததாகச் சொல்லித் திரிகிறவர்கள் அங்கே இல்லை.

அழகுபாண்டி கையிலிருந்த போனில் இன்னும் மணி அடிக்கவில்லை. வெள்ளைத்துரை சலவைச் சட்டை போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“பரீட்சைக்குப் போற மாதிரி இருக்கீகளேப்பா” என்றான் மகன்.

பரீட்சைதான். சொல்லை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு லண்டன் போன மகள் திவ்யாவோடு ஒன்பது வருடம் அவர் பேசவில்லை. நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த பிறகுதான், பேரனை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னார். திவ்யா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். மகன் சித்தார்த்துக்குத் தமிழ் வராது. அப்பா முதலில் அவனோடு இங்கிலீஷில் பேசிப் பழகட்டும், அவன் ஒட்டிக்கொண்டால் விசாவுக்கு அழைப்புக் கடிதம் அனுப்புகிறேன் என்றாள்.

தமிழ்வாணியைக் கூட்டி வந்தவர் சின்னத்தாய். எல்லோரிடமும் கேட்பதைத்தான் வெள்ளைத்துரை அவளிடமும் முதல் நாள் கேட்டார். யார் மகள், எந்தத் தெரு. டி. கல்லுப்பட்டி, பால்பாண்டி மகள் என்றாள். தெருவின் பெயரையும் மறைக்கவில்லை. அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து மற்றவர்களுக்குச் சில்வர் டம்ளரிலும் அவளுக்குப் பேப்பர் கப்பிலும் டீ வந்தது. அதைக் குடித்து, பாடம் நடத்திவிட்டுப் போனாள்.

நேற்று, இன்று, நாளை எல்லாம் அவருக்கு ஒரு மாதத்தில் வந்துவிட்டது. ‘ஹேவ்’தான் வரவில்லை.

“யானையப் பாத்தேன்னா இன்ன நாள்னு ஒருநா பாத்தது, ஐயா. பாத்திருக்கேன்னா இந்த ஆயுசுல எப்பவாச்சும் பாத்தது. என்னைக்குன்னு கணக்கில்ல. இத மட்டும் விட்டுறாதீக. தம்பி வாயத் தெறந்தா ‘ஹேவ் யூ எவர்’னுதான் கேப்பான்.”

அது இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் யோசிக்கவில்லை. தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும்போதெல்லாம் ‘ஐ ஹேவ் சீன், ஐ ஹேவ் ஈட்டன்’ என்று சொல்லிக்கொண்டே நடந்தார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

போன் அடித்தது. திரையில் பேரன் முகம் வந்தது. சித்தார்த் கேட்டதெல்லாம் அவள் சொன்னபடியே இருந்தது. யானை மேல் ஏறியிருக்கிறாரா, பாம்பைத் தொட்டிருக்கிறாரா, கிணற்றில் குதித்திருக்கிறாரா. ஒவ்வொன்றுக்கும் அவர் முழு வாக்கியமாகவே பதில் சொன்னார். கிணற்றுக் கதைக்குப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். பின்னாலிருந்து திவ்யாவும் சிரித்தாள்.

“லெட்டர நாளைக்கே அனுப்பிடுறேன்ப்பா” என்றாள்.

சின்னத்தாய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பையன் மட்டும் விடவில்லை. இன்னும் ஒரு கேள்வி என்றான்.

“ஹேவ் யூ எவர் ஈட்டன் அட் அத்தை’ஸ் ஹவுஸ்?”

அத்தை என்பதை மட்டும் தமிழில் சொன்னான். அவன் விரல் தமிழ்வாணியைக் காட்டியது. போன வருடம் அந்த வீட்டில் பத்து நாள் இருந்ததாகவும், கறிக்குழம்பு பிரமாதம் என்றும் சொன்னான்.

மருமகன் முத்துக்குமரனின் தகப்பனும் அதே டி. கல்லுப்பட்டி பால்பாண்டிதான் என்பது அதுவரை வெள்ளைத்துரைக்குத் தெரியாது. அவர்கள் யார் பெயரும் இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று ஒன்பது வருடத்துக்கு முன் உத்தரவு போட்டவர் அவர்தான்.

தமிழ்வாணி தலை நிமிரவில்லை. தாத்தா பதில் சொல்லட்டும் என்று பையன் காத்திருந்தான்.

“இனிமே சாப்பிடுவேன்னு சொல்லுங்க” என்று சின்னத்தாய் காதருகே கெஞ்சினார்.

வெள்ளைத்துரை முதுகை நிமிர்த்தினார்.

“நோ. ஐ ஹேவ் நெவர் ஈட்டன் தேர்.”

சித்தார்த் ஏன் என்று கேட்பதற்குள் திவ்யா போனை வாங்கினாள். அவள் குரல் உயரவில்லை.

“சரிப்பா. பெறகு இங்க வந்து எங்க சாப்பிடுவீக? இதுவும் அந்த வீடுதான்.”

திரை இருண்டது. கடிதம் வரவில்லை. தமிழ்வாணியும் அதற்குப் பிறகு வரவில்லை.

இங்கிலீஷ் வராததால் வெள்ளைத்துரையின் லண்டன் பயணம் நின்றுபோனது என்று வில்லாபுரத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அவர் பேசியதில் ஒரு பிழைகூட இல்லை.