பன்னிரண்டாவது விரல்

ஏழரை மணிக்கே கேட்டில் வந்து நின்றுவிட்டான் ராஜ்மோகன். உறுவையாறு ரோட்டில் இருக்கும் அந்தத் துணி சோப்புக் கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர் இவ்வளவு சீக்கிரம் வந்ததாகச் சரித்திரமே இல்லை. செக்யூரிட்டி பலராமன் பதறிப்போய்ச் சட்டைப் பொத்தானைப் போட்டார்.

ஆதிலட்சுமியை இன்று வேலையை விட்டு நிறுத்தியாக வேண்டும். அதுவும் வாயால் சொல்லி. 

இதுவரை பதினோரு பெண்களை வீட்டுக்கு அனுப்பியவன். ஒருத்தியிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை!

சோப்புக்கு உறை போட மிஷின் வந்ததும் ஆள் குறைக்க வேண்டியிருந்தது. அதற்காகவே அவனைப் பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டலுக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார் முதலாளி. ஏசி ஹால், மத்தியானம் ஐஸ்கிரீம், கடைசியில் சர்டிபிகேட். ஆளை அனுப்புவது கண்ணியமாக இருக்க வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். மீதியை அவன் சொந்த மூளையில் கண்டுபிடித்தான்.

லெட்டர் கொடுத்தால் லேபர் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நேரில் சொன்னால் அழுவார்கள். அதனால், எல்லோரும் கிளம்பிய பிறகு கம்ப்யூட்டரில் அனுப்ப வேண்டியவளின் விரல் பதிவை அழித்துவிடுவான். அவ்வளவுதான். மறுநாள் அவள் வந்து கேட்டில் இருக்கும் வருகைப் பதிவு மிஷினில் விரல் வைப்பாள், சிவப்பு எரியும். மூன்று தடவை வைத்துப் பார்ப்பாள். பின்னால் வரிசை முணுமுணுக்கும். தானாகவே புரிந்துகொண்டு, சாப்பாட்டுக் கூடையோடு பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பிவிடுவாள்.

சத்தமில்லை, சண்டையில்லை. "புரொஃபஷனல்யா நீ!" என்று முதலாளி பூரித்துப்போனார். "நீ லீவு போட்டா யாரு பாக்கறது? கல்பனாவுக்கும் கத்துக்குடு" என்றார். ஆபீஸ் உதவியாளர் கல்பனாவுக்கும் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தான்.

அந்த வரிசையில் பன்னிரண்டாவதாக வந்து சேர்ந்தாள் ஆதிலட்சுமி.

ஒன்பது வருஷமாக சோப்பு வெட்டுகிறவள். சோப்புக் காரம் அரித்து அரித்து அவள் விரலில் ரேகை என்று ஒன்றுமே மிச்சமில்லை. விரல் மிஷின் வைத்த நாளிலிருந்து பாதி நாள் அவளுக்குச் சிவப்புதான். அவளுக்கென்றே கேட்டில் ஒரு நோட்டு உண்டு. பதிவை அழித்த மறுநாளும் விரலை வைத்தாள், சிவப்பு எரிந்தது, நோட்டில் கையெழுத்துப் போட்டாள், உள்ளே போய் சோப்பு வெட்டினாள். ஒரு வாரமாக இதே கூத்து. வெள்ளந்தி, விஷயம் புரியவில்லை என்று ராஜ்மோகன் தலையில் அடித்துக்கொண்டான்.

நேற்று முதலாளி கூப்பிட்டார். "ஒரு பொம்பளய அனுப்ப முடியலியா உன்னால? வுடு, நான் பாத்துக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் இவனுக்கு மானம் போய்விட்டது. முதலாளி பேசுவதற்கு முன்னால் தானே பேசி முடித்துவிடுவது என்றுதான் விடிந்ததும் வந்து நிற்கிறான்.

எட்டரைக்கு வந்தாள். விரலை வைத்தாள். சிவப்பு. முந்தானையில் துடைத்து மறுபடி வைத்தாள். சிவப்பு.

"ஆதிலட்சுமிக்கா..."

அவள் திரும்பிப் பார்த்தாள். வண்டியில் வரும்போது பத்துத் தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம், 'அக்கா'வைத் தாண்டி நகரவில்லை. சும்மா நிற்கவும் முடியவில்லை. தான் இன்னும் விரல் வைக்கவில்லை என்பது நல்லவேளையாக ஞாபகம் வந்து, மிஷினில் வைத்தான்.

சிவப்பு.

கைக்குட்டையால் துடைத்துவிட்டு வைத்தான். சிவப்பு. வெட்டுகிற இடத்துப் பக்கமே போகாத விரல், ரேகையெல்லாம் பிறந்தபடி இருக்கிற விரல். மூன்றாவது தடவையும் வைத்தான். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

நேற்றுக் கிளம்பும்போது கல்பனா நிமிர்ந்து பார்க்காமலே 'பை சார்' சொன்னது இப்போதுதான் உறைத்தது. ஐயோ என்றிருந்தது அவனுக்கு. வீட்டில் என்ன சொல்வது?

ஆதிலட்சுமி அவனை வரிசையை விட்டு ஓரமாக வரச் சொன்னாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பதினோரு பேரு போனத பாத்தவ சார் நானு. எனுக்குத் தெரியாதா? வேலய வுட்டு நின்னுடுன்னு வாயத் தொறந்து யாருனா சொல்ற வரிக்கும் வேல நம்மளுதுதான். நோட்டுல கையெழுத்தப் போட்டுட்டு உள்ள வாங்க."

பலராமன் நோட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தார். ராஜ்மோகன் அவள் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினான்.

முதலாளியின் கார் வருவதற்குள் சீட்டில் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்று அவள் பின்னாலேயே வேகமாக நடந்தான்.