ஒளிராத சொட்டு

அப்பா மறதி நோயில் இறந்துபோனார். கடைசி மாதங்களில் மகளைக்கூட அடையாளம் தெரியாமல், "ஊசி வேண்டாம் நர்ஸம்மா" என்று கையை இழுத்துக்கொள்வார்.

அந்த நோயை இரத்தத்தில் கண்டறிவதுதான் மகளின் வேலை. முனைவர் பட்டம் முடித்துவிட்டு ஓர் ஆய்வகத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். தலைமுடி அளவு குழாய்கள் ஓடும் கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டு இரத்தத்தை விடுவாள். நோய் இருந்தால் அது பச்சையாக ஒளிரும். ஒவ்வொரு புது வில்லையையும் முதலில் அப்பாவின் இரத்தத்தில்தான் சோதிப்பாள். அவர் இருக்கும்போதே எடுத்து உறையவைத்தது அது.

சில வாரங்களாக அந்த ஒளி மங்கிக்கொண்டே வந்தது. மற்ற நோயாளிகளின் இரத்தம் எப்போதும்போல ஒளிர்ந்தது.

"பழசு, கெட்டுப்போயிருக்கும். தூக்கிப் போட்டுடும்மா," என்றார் பேராசிரியர். அவளுக்கு மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒளி அறவே இல்லை. நோயே அண்டாத ஒருவரின் இரத்தம்போல அது ஓடியது. வில்லையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்தாள்.

"அப்பா வந்திருக்காருடி," என்றாள் மெதுவாக. "தனியாவே வழி கண்டுபிடிச்சு வந்துட்டாரு. ஹால்ல உக்காந்திருக்காரு."

மகள் வில்லையைக் கீழே வைத்தாள். பிறகு, "உன்னைத் தெரியுதாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாரையும் தெரியுது. உன் பேரைச் சொல்லி, ஏன் இன்னும் வரலன்னு கேக்கறாரு. செத்துப்போனது மட்டும்தான் ஞாபகம் இல்ல. என்னால சொல்ல முடியல. நீ வந்து சொல்லு."