நெருப்புச் சட்டி

வாசலில் காலி இரும்புச் சட்டியோடு கெஸியா நிற்பதைப் பார்த்ததுமே ஜெருஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்டி, மறுபடியும் அடுப்பை அணைய விட்டுட்டியா?"

"அசந்து தூங்கிட்டேன்க்கா. கொஞ்சம் நெருப்பு குடுங்க. சிக்கிமுக்கிக் கல்லையும் அவர் எடுத்துட்டுப் போயிட்டாரு."

அவர் என்றது அவள் புருஷன் ஈனாக்கை. தூரத்து உப்பு ஊற்றுக்கு உப்புக் காய்ச்சப் போனவன், பனி கொட்ட ஆரம்பித்தும் திரும்பவில்லை. அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றங்கரைக் காட்டில் அவளுக்கு இருந்த ஒரே அக்கம்பக்கம், ஒரு மைல் தள்ளி இருந்த ஜெருஷாவும் அவள் புருஷன் ஆமோஸும்தான்.

"ராத்திரி தணலைச் சாம்பல் போட்டு மூடி வைக்கணும்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். நீயெல்லாம் என்ன குடும்பம் நடத்துற?"

திட்டிக்கொண்டேதான் சட்டியில் தணலை அள்ளிப் போட்டாள் ஜெருஷா. வாங்கியவள் உடனே கிளம்பினால்தானே? சோளக் கஞ்சி, சினை மாடு, ஓநாய் ஊளை என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டியில் இருந்தது சாம்பலாகிப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை. ஜெருஷா இன்னொரு முறை அள்ளிப் போட வேண்டியிருந்தது.

"விடு, பாவம். சின்னப் பொண்ணு" என்றான் ஆமோஸ். ஜெருஷா அவனை முறைத்தாள்.

மறுநாளும் கெஸியா வந்தாள். ஜெருஷா கதவை முழுசாகத் திறக்கவே இல்லை.

"இனிமே ஒரு பொறிகூடக் கிடையாது. போடி!"

கெஸியா காலிச் சட்டியோடு பனியில் திரும்பி நடந்தாள்.

ஆமோஸும் கோடாரியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டான். ஜெருஷாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தக் குளிரில் அவள் விறைத்துச் செத்துப்போனால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? தானே ஒரு சட்டியில் தணலை நிரப்பிக்கொண்டு ஓடினாள்.

மரங்களைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டாள். கெஸியாவின் புகைபோக்கியிலிருந்து குபுகுபுவென்று புகை போய்க்கொண்டிருந்தது.

அடிப்பாவி! வீட்டில் அடுப்பு எரியும்போதா நெருப்பு கேட்டு வந்தாள்? அப்படியானால் யாரைப் பார்க்க வந்தாள்? 'விடு, பாவம்' என்று ஆமோஸ் பரிந்து பேசியது நினைவுக்கு வந்தது. கோடாரியோடு அவன் போனதும் இந்தப் பக்கம்தான். ஜெருஷா சட்டியோடு விறுவிறுவென்று நடந்தாள்.

கிட்டே போனால், உள்ளே பேச்சுக் குரல். மரச்சுவரின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

ஆமோஸ் இல்லை. மனுஷர் யாருமே இல்லை. நன்றாக எரிகிற அடுப்புக்கு முன்னால், மடியில் ஒரு கோழியை வைத்துக்கொண்டு கெஸியா உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா இன்னிக்கு உள்ளேயே விடலைடி. அவங்க திட்டினாலும் பரவாயில்ல, ஒரு மனுஷக் குரலாவது கேட்டுட்டு இருந்துச்சு. இனி என்னத்தச் சொல்லிட்டு அங்க போவேன்?" என்று கோழியிடம் சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

ஜெருஷா இடுக்கிலிருந்து கண்ணை எடுத்தாள். சத்தமில்லாமல் தள்ளிப் போய், கொண்டுவந்த தணல் முழுவதையும் பனியில் கொட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள்.

"எங்க வீட்டு அடுப்பு அணைஞ்சு போச்சுடி. கொஞ்சம் நெருப்பு குடு."