வேனுக்குள் கட்டிய படங்கு

"நானா, இன்னும் எவ்வளவு நேரம்?"

மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டான் கபிரியேல். வேனின் முன் சீட்டைத் தூக்கிவிட்டு எஞ்சினுக்குள் தலையை நுழைத்திருந்த டிரைவர் ஹுமைத் நானா, மூன்றாவது தடவையாக அதே பதிலைச் சொன்னார்.

"இந்தா முடிஞ்சிச்சு தம்பி."

எங்கே முடிந்தது? கொழும்பு ஆஸ்பத்திரி வாசலில், உச்சி வெயிலில், ஒரு மணி நேரமாக இதே கூத்துதான்.

மரத்தடி வாங்கில் உட்கார்ந்து கபிரியேலின் மனைவி செசிலி காத்திருந்தாள். குப்பி விளக்கு சரிந்து சேலையில் தீப்பிடித்ததில் முதுகும் தோளும் வெந்து, மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். இன்றைக்குத்தான் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அனுப்பும்போதே டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "புதுத் தோல். வேர்வையோ தூசோ பட்டா சீழ் பிடிச்சிரும். அப்புறம் மறுபடி இங்கதான்."

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏழு மணி நேரப் பயணம். ஜன்னலைத் திறந்தால் தூசு, மூடினால் வேர்வை. சீக்கிரம் கிளம்பினால் போதும் என்றிருந்தான் கபிரியேல்.

நானாவுக்கோ வேறு கவலை. பதுளையில் வாடகைக்கு ஓடும் அவருடைய பழைய ஜப்பான் வேனில் ஏசி என்று ஒன்று உண்டு. இரண்டு வருஷமாக அது ஊமை. இன்றைக்கென்று பார்த்து, பிரிட்ஜ் திருத்துகிற கடையொன்றில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சின்ன சிலிண்டரை வாங்கி வந்து, தானே கேஸ் அடிக்கிறாராம்.

'நோன்பு புடிச்ச மனுசன். வெயில் தாங்கல. அவரு ஒடம்புக்குக் குளிரு கேக்குது' என்று பல்லைக் கடித்துக்கொண்டான் கபிரியேல்.

நானா சவர்க்கார நுரையைத் தடவி, குமிழி வந்த இடத்தில் நட்டை முறுக்கினார். டியூபை மாட்டி எஞ்சினை ஓடவிட்டார். குழாயில் பதித்திருந்த சின்னக் கண்ணாடியையே உற்றுப் பார்த்தார். உள்ளே நுரை ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த நுரை நிக்கணும் தம்பி. அப்பத்தான் கேஸ் நெறஞ்ச மாதிரி."

நுரை நிற்கவில்லை, சிலிண்டர்தான் காலியானது. அதைக் குலுக்கிப் பார்த்தார், காதில் வைத்தும் பார்த்தார். பிறகு மரக்கறி மூட்டைகளை மூடுகிற தடித்த படங்கை எடுத்து வந்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கூரையிலிருந்து தரைவரை கட்டினார். ஒரு விரல் நுழைய இடமில்லை.

"தங்கச்சி பின்னுக்குப் படுத்துக்கங்க. தம்பி, ஜன்னலத் தொறக்கப்படாது. இந்தப் படங்கையும் தொடாதீங்க."

கபிரியேலுக்குச் சுருக்கென்றது.

வேன் கிளம்பியதும் ஆரம்பித்தான். "பாத்தியா? தோட்டத்து ஆளுங்க மூஞ்சியப் பாக்கக்கூடாதாம்."

"சும்மா இருங்க. பொம்பள படுத்துக்கிட்டு வர்றேன்ல. அவங்க வழக்கத்துல மறைச்சுக் கட்டுவாங்க" என்றாள் செசிலி.

"வழக்கமாவது ஒண்ணாவது. ஒன் மருந்து வாடை அவரு மூக்குக்கு ஆகல."

"மெதுவா. காதுல விழப்போவுது."

"விழட்டும். விழத்தானே சொல்றேன்."

குளிர் வரத்தான் செய்தது, இல்லை என்று சொல்ல முடியாது. தலைக்கு மேலிருந்த ஏசிப் பெட்டி இதமாக ஊதியது. செசிலி நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. வேன் குழியில் விழுந்து அவள் லேசாக முனகினால்கூட, அந்தச் சத்தத்துக்கே உடனே வேன் மெதுவானது. இரத்தினபுரி தாண்டுவதற்குள் தூங்கியும் போனாள்.

அப்படியும் கபிரியேலுக்கு மனசு ஆறவில்லை. பின்னாலேயே இப்படி என்றால் முன்னால் ஐஸ் பெட்டிதான், துரை கணக்காக உட்கார்ந்து ஓட்டுகிறார் என்று பலாங்கொடை வரைக்கும் அவன் வாய் ஓயவில்லை.

பெரகல சந்தியில் வேன் நின்றது. நோன்பு திறக்கும் நேரம். மலைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. 'நேருக்கு நேரா ரெண்டு வார்த்தை கேட்டுர வேண்டியதுதான்' என்று இறங்கிப் போய் முன் கதவைத் திறந்தான்.



நானாவின் சட்டை பிழிந்தெடுக்கலாம் போல நனைந்திருந்தது. முகமெல்லாம் ரோட்டுத் தூசு, உதடு வெடித்திருந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து எஞ்சின் சூடு இன்னும் அவித்துக்கொண்டிருந்தது. பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன நானா இது? முன்னுக்கு ஏசி இல்லையா?"

ஒரு கோப்பைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத்தான் அவரால் பேச முடிந்தது.

"பாதி கேஸ்தானே தம்பி ஏறிச்சு. வேன் முழுக்கக் காணாது. முன்னுக்கு வார காத்த அடச்சிட்டு, பின்னுக்கு மட்டும் விட்டேன். படங்கு கட்டாட்டி இந்த எஞ்சின் சூடெல்லாம் தங்கச்சிக்கிட்டத்தான் போகும். புதுத் தோல்னு டாக்டர் சொல்லக்குள்ள நானும் வார்ட்டு வாசல்லதானே நின்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நானா."

"சொன்னா, நீங்க படங்கக் கழட்டச் சொல்வீங்க."

கபிரியேலுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பெற்ற தகப்பன்கூட இப்படிச் செய்வானா என்றிருந்தது. நன்றி சொல்லத்தான் நினைத்தான், ஆனால் முதலில் வாயில் வந்தது வேறு.

"வழியெல்லாம் ஒங்கள வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் நானா. மன்னிச்சிருங்க."

ஹுமைத் நானா இன்னொரு பேரீச்சம்பழத்தை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"பேசினீங்களா? ஒண்டும் கேக்கல்லையே தம்பி. ரெண்டு ஜன்னலையும் தொறந்துதானே வந்தேன், ஒரே காத்துச் சத்தம்."