அடித்து எழுதிய பக்கம்

ராமபாணப் பூச்சிக்கு நல்ல பசி. உத்தியோக மாதர் சங்கத்தின் பழைய பதிவேட்டைக் குடைந்துகொண்டு போனால், முதல் பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல்.

"கழிச்ச தாள்தானே, தின்னுடறேன்" என்றது.

"வாயை எடு!" என்று சீறியது பதிவேடு. "முதல் கூட்டம் அது. டாக்டர், வக்கீல், தந்தி ஆபீஸ்காரம்மான்னு ஒன்பது பேர். பேர் எழுதச் சொன்னா, பழக்கதோஷம், அத்தனை பேரும் 'மிஸஸ்' போட்டுப் புருஷன் பேரை எழுதிட்டாங்க. பார்த்துட்டு அவங்களுக்கே சிரிப்பு. அடிச்சுட்டு, சொந்தப் பேரை எழுதினாங்க."

பூச்சி எழுத்துக்கூட்டிப் படித்தது: டாக்டர் குமுதவல்லி, வக்கீல் ரெபேக்காள்...

"அப்போ அடிச்ச பேரை மட்டும் தின்னட்டுமா?"

"அதுவும் இருக்கட்டும். எதை அடிச்சாங்கன்னு நாளைக்கு வர்றவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

பூச்சி பசியோடு வெளியே ஊர்ந்தது. போன வாரம் மேல்தட்டில் தின்று தீர்த்த பதிவேடு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதில் யார் யார் இருந்தார்களோ!