பக்கத்துக் கட்டில்

"கண்ணைத் திறங்க சார். ஆபரேஷன் முடிஞ்சுது. மூச்சை நல்லா இழுத்து விடுங்க," என்றாள் அப்போதுதான் டியூட்டிக்கு வந்த நர்ஸ்.

மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் அவர் கேட்டார்: "நான் கொடுத்த கிட்னி?"

"நல்லா வேலை செய்யுதாம். திரைக்கு அந்தப் பக்கம்தான் படுக்க வச்சிருக்காங்க."

அவருக்குக் கண் கலங்கியது. "ஒரே வீட்டுல இத்தனை வருஷம். சண்டை போடாத நாளே கிடையாதும்மா. ஆனா அந்தக் குரல் கேக்காட்டி எனக்குச் சோறு இறங்காது."

"உங்க சம்சாரம் கொடுத்து வச்சவங்க சார்!"

திரைக்கு அப்பாலிருந்து பலவீனமான, ஆனால் அதட்டலான குரல் வந்தது.

"சம்சாரம் வெளியில உக்காந்து அழுதுட்டிருக்கா. நான் அவளைப் பெத்தவ! மாப்பிள்ளை, பேசாமத் தூங்குங்க. தையல் பிரிஞ்சுடப்போகுது!"

தையல் வலிக்க வலிக்க அவர் சிரித்தார்.

"அத்தை திட்ட ஆரம்பிச்சுட்டாங்க. இனி பயமில்ல," என்று நிம்மதியாகக் கண்களை மூடினார்.