மாப்பிள்ளையின் தலைப்பாகை

முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. மலைப்பாதையெங்கும் மூடுபனி. பழைய காரின் கண்ணாடியில் துடைக்கத் துடைக்க ஆவி படிந்து, சாலையே தெரியவில்லை. சூடான காற்றை ஊதி அதைப் போக்கவேண்டிய மோட்டார் எரிந்துபோயிருந்தது. வழியில் இருந்த பட்டறையில், மாப்பிள்ளை மருதாசலம் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெக்கானிக் சவரிமுத்துவுக்கு டார்ச் பிடித்தான். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து பழைய மோட்டார் வெளியே வந்தது. அதன் விசிறிக்குள், கார் சீட்டிலிருந்து கடித்தெடுத்த பஞ்சு மெத்தையில், கண் திறக்காத எலிக்குஞ்சுகள் நெளிந்தன.

"தூக்கி வீசுப்பா, நேரமாச்சு!" என்றார் தாய்மாமன்.

"பிள்ளையாரோட வாகனம் மாமா. வெளிய இந்தக் குளுருல செத்துப்போயிருமே."

"அப்ப அதுகளையும் பந்தியில உக்கார வெச்சுரு!"

மருதாசலம் தலைப்பாகையைக் கழற்றினான். மாமன் பதறிக் கைநீட்டுவதற்குள் குஞ்சுகள் சரிகைக்குள் சுருண்டுகொண்டன. சவரிமுத்து வாய்விட்டுச் சிரித்தபடி அதை வாங்கி, டீ அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். "தாயி தேடிக்கிட்டு வந்துரும் தம்பி. நான் பாத்துக்கறேன்."

புது மோட்டாரைப் பொருத்தி ஸ்விட்சைத் தட்டியதும் அது ஹோவென்று ஊதியது. குழாய்க்குள் மிச்சமிருந்த பஞ்செல்லாம் பறந்து வந்து, மருதாசலத்தின் வெறுந்தலையில் அட்சதையாய் விழுந்தது. தட்டிவிட நீண்ட மாமனின் கை பாதியில் நின்றது.

"இருக்கட்டும்டா," என்றார்.

கண்ணாடியில், கீழிருந்து மேலாகச் சாலை தெளிந்துகொண்டிருந்தது.